ஜன்னலைத் திறக்கச் சொன்ன குரல்

இருநூற்றுப் பன்னிரண்டு கிளைகள் கொண்ட மளிகை நிறுவனம் அது. அதன் தலைமை அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அவளுடைய மேசை. கெட்ட சரக்கைத் திரும்ப எடுக்கும் வேலை, அதனால் எல்லோருக்கும் அவள் 'ரீகால் அக்கா'. எங்கோ ஒரு ஊரில் ஒரு அம்மா, பிஸ்கட் பொட்டலத்துக்குள் கம்பித் துண்டு கிடந்தது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டால், அந்தச் சண்டை கடைசியில் வந்து நிற்பது இவள் மேசையில்தான். பொட்டலத்தின் தொகுதி எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். எட்டு நிமிடத்தில் எந்தக் கிளையிலும் பில் போடும் மிஷின் அந்தப் பொட்டலத்தை வாங்காது, கீச்சென்று கத்தும். அரை மணி நேரத்துக்குள் கிளை மேலாளர்கள் அலமாரியைக் காலி செய்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, "எடுத்தாச்சு அக்கா" என்று வாயால் சொல்ல வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"ஆள் குரலைக் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்பாள்.

ஒன்பது வருடம் இந்த வேலை. அவளுடைய குரலை முதலில் கண்டுபிடித்தது விளம்பரப் பிரிவு. கடைகளின் கூரை ஒலிபெருக்கியில் "வாடிக்கையாளர்களின் கவனத்திற்கு" என்று ஒலிப்பதற்கு ஒருநாள் ஆள் வரவில்லை. "அக்கா, நீங்களே பேசிடுங்களேன்" என்றார்கள். பேசினாள். அதை ஒரு கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டே கேட்டவர், முப்பத்தெட்டு வானொலி நிலையங்களை நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்றின் நிகழ்ச்சி மேலாளர். இரண்டு மாதத்தில் அவளை அழைத்துக்கொண்டார்கள்.

நேர்காணலில் அந்த மேலாளர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு இது புதுசே இல்ல மேடம். அங்க எல்லாக் கடையிலயும் ஒரே பிஸ்கட். இங்க எல்லா ஊர்லயும் ஒரே பாட்டு. மொத்தமா வாங்குறோம், எல்லா இடத்துலயும் வைக்கிறோம். கண்ணுக்கு நேரா இருக்கற தட்டுக்கு அங்க எவ்வளவு மவுசோ, காலை எட்டு மணிக்கு இங்க அவ்வளவு மவுசு. ரெண்டும் ஒரே வியாபாரம்தான்."

"பிஸ்கட் கெட்டுப்போனா திரும்ப எடுப்போம் சார். இங்க?"

அவர் சிரித்துவிட்டார். "பேச்சு எப்படி மேடம் கெட்டுப்போகும்?"

அவளும் சிரித்தாள். வேலையில் சேர்ந்தாள்.

பஞ்சு ஒட்டிய சுவர்கள், ஒரு மைக், ஒரு நாற்காலி. அந்த அறையில் மதியம் உட்கார்ந்து, மறுநாள் காலைக்கான பேச்சை ஆறு ஊர்களுக்குப் பதிவு செய்வாள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தாள் வரும். அதில் தெருப்பெயர்கள், பள்ளிக்கூடம், பேருந்து நிலையம், அந்த வாரத்து விளம்பரக்காரர். "வணக்கம், நம்ம ஊரு!" என்று ஆறு தடவை, ஆறு விதமான உற்சாகத்தோடு சொல்வாள். அந்த ஆறு ஊர்களில் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. அச்சகத்தில் மதிய ஷிஃப்ட் பார்க்கும் அவளுடைய கணவர், "ஆறு புகுந்த வீடு உனக்கு, ஒரு வீட்லயும் பாத்திரம் தேய்க்க வேண்டாம்" என்று கிண்டல் செய்வார்.

மூன்றாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபத்திரண்டுக்கு போன் வந்தது.

அவள் அடுப்பில் பால் வைத்திருந்தாள். கூப்பிட்டது 'அவசரம்'. ஆறு ஊர்களில் ஒன்றில் மளிகை நிறுவனத்தின் கிளை மேலாளர். எதையும் நடந்து செய்யாமல் ஓடியே செய்வதால் அந்தப் பட்டப்பெயர். பழைய நாட்களில் "எடுத்தாச்சு அக்கா" என்று எப்போதும் முதலில் சொல்பவர் அவர்தான். இன்று அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, உங்க குரலை நிறுத்துங்க."

"என்ன சொல்றீங்க?"

"இங்க ஐஸ் ஃபேக்டரியில அமோனியா கசிஞ்சிருச்சு. ஆத்தங்கரை மைதானத்தை ஒட்டி. ஆறரை மணியிலேருந்து கண்ணு எரியுது, தொண்டை அடைக்குது. போலீஸ் ஒரே ஒரு ஜீப்ல மைக் கட்டிக்கிட்டு, 'வெளிய வராதீங்க, ஜன்னலை மூடுங்க'ன்னு கத்திக்கிட்டுப் போகுது. அது மெயின் ரோட்டோட சரி. ஆனா ரேடியோவுல நீங்க..."

ரேடியோ ஒலித்துக்கொண்டிருந்த கடையின் கூரை ஒலிபெருக்கியை நோக்கி அவர் போனைத் தூக்கிப் பிடித்தார் போலிருக்கிறது. இந்த முனையில் அவளுக்குப் பாட்டுச் சத்தம்தான் கேட்டது. ஆனால் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேற்று மதியம் படித்த தாள் வரி வரியாக ஞாபகம் வந்தது. திரைச்சீலைக் கம்பெனி ஒன்றின் விளம்பரம். 'காலைக் காத்து என்ன சுகமா இருக்கு பாருங்க! ஜன்னலையெல்லாம் அகலத் திறந்து வைங்க. வீட்டுக்கு என்ன திரை போடலாம்னு யோசிங்க. ஒன்பது மணிக்கு ஆத்தங்கரை மைதானத்துல எங்க திரைச்சீலைக் கண்காட்சிக்குக் குடும்பத்தோட வந்துடுங்க, நானும் வர்றேன்!'

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை. ஏழு, ஏழு இருபது, ஏழு நாற்பது.

"ஜனங்க கேக்கறாங்களா?"

"கேக்கறாங்களாவா? இப்பத்தான் ஒரு அம்மா கடைக்கு வந்து, 'போலீஸ் ஏதோ ஒத்திகை பாக்குது, ரேடியோவுல நம்ம பொண்ணு ஜன்னலைத் திறக்கத்தானே சொல்லுது'ன்னு சொல்லிட்டுப் போறாங்க. மைதானத்துப் பக்கம் குழந்தைங்களோட நடக்க ஆரம்பிச்சாச்சு அக்கா."

பால் பொங்கி வழிந்தது. கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்தாள். நிறுவனத்தின் பாட்டே ஒலித்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று சொன்ன குரலும் அவளுடையதுதான். போன வருடம் பதிவு செய்து கொடுத்தது. தன் குரலே தன்னைக் காத்திருக்கச் சொல்வதை ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கடைசியில் எடுத்தவர் கண்ட்ரோல் ரூம் பொறியாளர். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தவர். முப்பத்தெட்டு நிலையங்களுக்கும் அந்த நேரத்தில் விழித்திருந்த ஒரே மனிதர் அவர்.

"அம்மா, என் திரையில அந்த ஊர் பச்சை விளக்கா எரியுது. எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஆனா என்ன ஓடணும்னு மாத்தற உரிமை என்கிட்ட இல்ல. அட்டவணைப் பிரிவு எட்டரைக்குத்தான் திறப்பாங்க. நிகழ்ச்சி மேலாளர் சொன்னா வழி உண்டு."

நிகழ்ச்சி மேலாளர் மூன்றாவது அழைப்பில் எடுத்தார். உடற்பயிற்சிக்கூடத்தில் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் இரும்பு மோதும் ஓசை.

"யார் சொன்னாங்க மேடம்?"

"மளிகைக் கடை மேலாளர். அங்கேயே இருக்கார், சார்."

"மளிகைக் கடைக்காரர் சொல்லி நாம நிலையத்தை நிறுத்தினா சிரிப்பாங்க. ஊர்ஜிதமாகாத சேதி. விளம்பரதாரருக்கு நான் பதில் சொல்லணும். போலீஸ்கிட்ட இருந்து எழுத்துல வாங்குங்க, சட்டப் பிரிவுக்கு அனுப்பறேன்."

"சார், அங்க நம்ம ஆள் யாருமே இல்ல. எழுத்துல யார் வாங்குவா?"

"பதட்டப்படாதீங்க" என்றார். வைத்துவிட்டார்.

ஏழு நாற்பது. அவசரம் திரும்பக் கூப்பிட்டு, இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் போனைத் தூக்கிப் பிடித்தார். அவளே கேட்டாள். ஜன்னலையெல்லாம் அகலத் திறந்து வைங்க. எவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கணவரிடம், "உங்க போனைக் கொடுங்க. அந்த என்ஜினீயரைப் பிடிச்சு லைன்லயே வைங்க. விடாதீங்க" என்றாள். ரீகால் மேசையில் இருந்தபோது அவள் பேசிய குரல் அது. கணவர் போனை எடுத்து எண்ணைத் தட்டினார்.

தன் போனில் சொன்னாள். "அவசரம், நான் சொல்றதைக் கேளுங்க. பஜார் தெருவுல மருந்துக்கடை இருக்கா? அதுக்கு மாடியில ஒரு ரூம். நிலையம்னா அதுதான். ஆள் கிடையாது, ஒரு கம்ப்யூட்டர், ஒரு இரும்பு ரேக். போக முடியுமா?"

"எதுக்கு அக்கா?"

"கெட்டுப்போன சரக்கு. எடுக்கணும்."

உடனே அவர் கடைக்குள் யாரிடமோ கத்துவது கேட்டது. "அந்தத் தீயணைப்புக் கோடாலியை எடுங்க! துண்டை நனைச்சுக் கொடுங்க!"

அவர் ஓடும் சத்தம் போனில் கேட்டது. செருப்புச் சத்தம், ஈரத்துணிக்குள்ளிருந்து வரும் மூச்சு, இருமல். நடுவில் நின்றார். யாரிடமோ, "குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க? வீட்டுக்குப் போங்க, கதவைச் சாத்துங்க" என்றார். "ரேடியோவுல..." என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்தது. "ரேடியோ பொய்!" என்று கத்தினார்.

மேசையின் அந்தப் பக்கம் கணவர், பொறியாளர் சொல்வதை அப்படியே ஒப்பித்தார். "படி ஏறினதும் வலது பக்கக் கதவாம். பூட்டு இருக்குமாம். சாவி அவங்க தலைமை அலுவலகத்துலயாம்."

"உடைங்க" என்றாள்.

மூன்று அடி. நாலாவது அடியில் ஏதோ விழுந்தது. அதே நேரம் கீழே மருந்துக்கடையை ஒட்டிய வீட்டிலிருந்து அவளுடைய குரல் மெல்லக் கேட்டது. எட்டு மணி. காலைக் காத்து என்ன சுகமா இருக்கு பாருங்க.

"உள்ள வந்துட்டேன். ரேக் இருக்கு. நிறைய விளக்கு. பிடுங்கிடட்டுமா?"

"இருங்க!" பிடுங்கினால் குரல் நிற்கும். ஆனால் ஏற்கெனவே திறந்த ஜன்னல்களை யார் மூடுவது? ரீகால் மேசையில் அவள் கற்ற பாடம் அது. அலமாரியில் இருந்து எடுத்தால் மட்டும் போதாது, வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டிலும் பொட்டலம் இருக்கிறது. "அங்க மைக் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. மேசைகூட இல்ல."

கணவரின் கையிலிருந்து போனை வாங்கினாள். "ஐயா, மைக் இல்லையாம். வேற வழி சொல்லுங்க."

பொறியாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, பதினாறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ரேக்கை மாட்டினது நான்தான். அப்ப ஏழு பேர் அங்க வேலை பார்த்தாங்க. நேயர்கள் போன் பண்ணினா அப்படியே ஒலிபரப்பாகற இணைப்பு ஒண்ணு இருந்தது. கழட்டச் சொன்னாங்க. நான் கழட்டல. மேல மஞ்சள் சுவிட்ச். வலது பக்கம் திருப்பினா இங்கேருந்து போறது நிக்கும், போன்ல பேசறது போகும். நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டாள். எழுதிய வேகத்தில் ஒரு ஏழு ஒன்று மாதிரி விழுந்தது, திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"ஐயா, உங்களுக்குப் பிரச்சினை வருமே."

"வரட்டும். வைங்க, கூப்பிடுங்க."

தன் போனில் அவசரத்திடம் மஞ்சள் சுவிட்சை வலது பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு, கணவரின் போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டாள். எட்டு ஒன்பதுக்கு அந்த ஊர் வானொலியில் பாட்டு பாதியில் அறுந்தது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு மெல்லிய குரல்.

"நான்தான் பேசறேன். தினமும் காலையில வணக்கம் சொல்ற அதே ஆள். காலையிலேருந்து ஜன்னலைத் திறங்கன்னு நான் சொன்னது நேத்தே பதிவு பண்ணினது. அது தப்பு. கேக்காதீங்க. இப்பச் சொல்றதைக் கேளுங்க. ஜன்னலை மூடுங்க. கதவை மூடுங்க. இடுக்குல ஈரத்துணி வைங்க. மைதானத்துக்குப் போகாதீங்க. போய்க்கிட்டு இருந்தா திரும்புங்க, முகத்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டுத் திரும்புங்க."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கணவர் அவளுடைய மறுகாதில் பிடித்திருந்த அவள் போனில், அவசரம் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று எந்தப் பக்கம், ஜீப் எந்தத் தெருவில், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆட்களைச் சேர்க்கிறார்கள். அவர் சொன்னதை அவள் தெருப்பெயரோடு சொன்னாள். ஒரு தெருப்பெயரைச் சொன்னதும் அவர் பதறி, "அக்கா, அது அப்படி இல்ல. கடைசி எழுத்து குறில்" என்றார். மூன்று வருடமாகத் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சரியாகச் சொன்னாள்.

எட்டு நாற்பதுக்கு, கணவர் பிடித்திருந்த அவளுடைய போனில் இன்னொரு அழைப்பு வந்தது. நிகழ்ச்சி மேலாளர். கணவர் எடுத்து, "அவ வேலையா இருக்கா" என்று சொல்லி வைத்தார்.

பத்தேகாலுக்குத் தீயணைப்புப் படை குழாயை அடைத்தது. அவள் பேசி முடித்தபோது பதினோரு மணி. தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை.

ஒன்பது மணிக்கு மைதானத்தில் இருபது பேருக்குள்தான் இருந்தார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் போகவில்லை. ஒரு தையற்காரரின் நிலைமைதான் பன்னிரண்டு நாள் இழுபறியாக இருந்தது. மைதானத்துக்கு எதிர்த்த வீடு. ஏழு மணிக்கே ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தவர்.

மறுநாள் வானொலி நிறுவனம், 'எங்கள் உள்ளூர் அறிவிப்பாளரின் துணிச்சல்' என்று ஓர் அறிக்கை விட்டது. அதே நாளில், பூட்டை உடைக்கத் தூண்டியதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. மளிகை நிறுவனமும் சளைத்ததில்லை. அவசரத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டு, அந்த வாரத்து நிறுவன இதழில் அவருடைய படத்தைக் கோடாலியோடு போட்டது. பொறியாளரை மூன்று மாதம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் வேலையை விட்டாள். ஆனால் வேறு ஆள் கிடைக்கும்வரை பழைய பதிவுகளையே ஓட்டியதால், மற்ற ஐந்து ஊர்களிலும் அவளுடைய குரல் இன்னும் பதினோரு நாள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

கசிவு பற்றி அரசு அமைத்த விசாரணைக் குழுவில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நீளமான மேசை, ஐந்து பேர். நடுவில் இருந்தவர், "அப்படின்னா மளிகைக் கம்பெனி நல்லது, வானொலிக் கம்பெனி கெட்டதுன்னு சொல்றீங்களா?" என்றார்.

"இல்லைங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் பெருசாச்சு. எங்க கடை வந்ததும் அந்த ஊர்ல ரெண்டு பேக்கரி மூடினாங்க. நிலையத்தை வாங்கினதும் ஏழு பேர் வீட்டுக்குப் போனாங்க. அதுல வித்தியாசம் இல்ல."

"பின்னே?"

"பிஸ்கட்டை லாரியில அனுப்பினா இறக்கி வைக்க அந்த ஊர்ல ஒரு ஆள் வேணும். பில் போட ஆள் வேணும். கெட்டுப்போனா ஜனங்க சட்டையைப் பிடிச்சுக் கேக்கறதுக்கு ஒரு மேலாளர் வேணும். எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் அந்த ஆளைக் குறைக்க முடியாது. குரலை அனுப்ப யாரும் வேண்டாம். நான் அந்த ஊருக்குப் போனதே இல்லைங்க. அன்னைக்கு என் குரலை நிறுத்த ஒரு மளிகைக் கடைக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது."

எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சாவியோடு ஒருவர் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நிறுவனம் இருபத்தொன்பது நிலையங்களில் ஆள் போட்டது. மிச்சம் ஒன்பதை, கட்டுப்படியாகாது என்று விற்றுவிட்டது. அந்த ஊரின் வேலைக்கு அவளும் விண்ணப்பம் போட்டாள். பதில் வரவில்லை. பழைய மளிகை நிறுவனமே திரும்பக் கூப்பிட்டது, போனாள்.

அந்த ஊருக்குப் போக அவளுக்கு ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிளம்ப நினைத்து, துணி ஊறவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் கணவர், "நான் துவைக்கறேன், நீ போ" என்றார்.

தையற்காரரின் மனைவிதான் கதவைத் திறந்தாள். இவள் "வணக்கம்" என்று சொன்ன மாத்திரத்தில் அந்த அம்மாவின் முகம் மாறியது. குரலே போதுமாக இருந்தது.

"இப்ப எதுக்கு வந்தே?"

"பாத்துட்டுப் போலாம்னு..."

"அன்னைக்கு வேண்டாம் வேண்டாம்னேன். போலீஸ்காரன் மூடச் சொல்றான்னு ஜன்னலைச் சாத்தினேன். 'அந்தப் பொண்ணு பொய் சொல்லாது'ன்னு திறந்து விட்டார். நல்லா பாத்துக்கோ."

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தவர் கையை ஆட்டி உள்ளே வரச் சொன்னார். மெலிந்திருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிப் பேசினார்.

"எந்தத் தெரு... உங்க வீடு? நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்னு... நினைச்சிருந்தேன்."

"நான் இந்த ஊரே இல்லைங்க. இன்னைக்குத்தான் முதல் தடவை வர்றேன்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நம்ம ஊரு, நம்ம ஊருன்னு..."

"ஆறு ஊருக்குச் சொன்னேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், மனைவி ஓடிவந்து முதுகைத் தடவினாள். "பேச்சுக் கொடுக்காதே அவருக்கு" என்று இவளைப் பார்த்துச் சீறினாள். இவள் எழுந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். அந்த இருமலுக்கு முன்னால் அவற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

இருமல் அடங்கியதும் அவர் மனைவியைப் பார்த்தார். "மாத்திரை தீர்ந்துபோச்சுன்னியே. போய்... வாங்கிட்டு வா."

"உங்களைத் தனியா விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"இவங்க இருக்காங்களே."

அந்த அம்மா வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். பையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு இவளிடம் வந்து, சுவரோரம் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காட்டினாள். முகத்தில் வைக்கும் மூடியை எப்படிப் பிடிக்க வேண்டும், குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

"மூச்சு இழுத்தா உடனே வைக்கணும். யோசிக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

"திருப்பிச் சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். அந்த அம்மா கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். இவள் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குமிழில் ஒரு கை வைத்தபடி, அவருடைய மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.